பிள்ளை பெற்றவளையும் கவனிப்போம்: கர்ப்ப காலம், பிரசவம், பிரசவத்துக்குப் பிறகு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவமான வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். எடை எவ்வளவு, யார் ஜாடை, ராத்திரி தூங்குகிறதா என்று குழந்தையைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பால் குடுக்கிறியாம்மா?" அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, தலை வலிக்கிறதா, உதிரப்போக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. கர்ப்பமாக இருந்தவரை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிப்போன குடும்பம்தான் இதுவும். ஆனால் தாயின் உயிருக்கு ஆபத்தான சிக்கல்களில் கணிசமானவை பிரசவ நாளன்றும் அதற்கடுத்த ஆறு வாரத்திலும்தான் வருகின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய கேள்விகளுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். சட்டம், திட்டம் பற்றிய விவரங்கள் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியவை.

கர்ப்பம் என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் சரி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் சொல்லி, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் பிக்மி (PICME) எண்ணை வாங்கிவிடுங்கள். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் வாசல். 1987 முதல் நடக்கும் இந்தத் திட்டத்தில் இப்போது 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளில் வருகிறது. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்தால் மொத்த மதிப்பு 18,000 ரூபாய். யாருக்குக் கிடைக்கும், எந்தத் தவணை எப்போது என்பதையெல்லாம் நர்ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் காலம் அது. தைராய்டு, வலிப்பு, சுகர் என்று ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாகவே நிறுத்திவிடாமல், அந்தச் சீட்டோடு போய் டாக்டரைக் கேளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது. சத்தான சாப்பாடு சாப்பிட்டால் போதாதா?

போதாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் கர்ப்ப காலத்தில் அது ரத்தசோகைதான். 7-க்குக் கீழே போனால் ஆபத்து. பிரசவத்தில் ஓரளவு ரத்தம் போவது எல்லோருக்கும் நடக்கும். நல்ல ரத்தம் இருக்கிறவள் அதைத் தாங்கிக்கொள்வாள். 7, 8 என்று இருப்பவளுக்கு அதே இழப்பு உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும்.

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். இந்த இரண்டாவது 180 நாளைத்தான் நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம். பிள்ளை பிறந்ததும் மாத்திரைப் பட்டை அப்படியே அலமாரிக்குள் போய்விடுகிறது.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ, காபியோடு போட்டால் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையும் இதுவும் சேர்ந்து போகக்கூடாது. கால்சியத்தைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். இவ்வளவு செய்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், இரும்புச்சத்தை நரம்பு ஊசியாக ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் இருப்பதும், போட்டதாகச் சொல்வதும்தான் பெரிய ஆபத்து.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லை. எனக்கு ஏன் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து டெஸ்ட் எடுக்கிறார்கள்?

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அதனால் குடும்பத்தில் சுகர் இல்லாதவர்களுக்கும் அந்தச் சமயத்தில் வரலாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் எடுக்கலாம் என்ற இந்த எளிய முறையைப் பரவலாக்கியதில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். முதல் செக்கப்பில் ஒரு முறை, அதில் சரியாக இருந்தால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு நாள் எடுக்க வேண்டியிருக்கும்.

சுகர் வந்தவர்களில் பலருக்குச் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தாலே கட்டுக்குள் வந்துவிடும். சிலருக்கு மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். பிரசவமானதும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஆறு வாரம் கழித்து இதே குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி எடுக்க வேண்டும். அதன் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம்.

எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. எல்லாருக்கும் வருவதுதான் என்கிறார் அத்தை.

சாயங்காலம் வீங்கி, ராத்திரி படுத்தெழுந்தால் வற்றிவிடும் பாத வீக்கம் பொதுவாக வருவதுதான், அத்தை சொல்வது சரி. காலையிலேயே முகம், கை, கண் இமை வீங்கியிருந்தால், மோதிரம் திடீரென்று இறுகினால், உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டாலே கவனம் தேவை. விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் மின்னுவது போலத் தெரிவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி – இதில் எது வந்தாலும் அன்றைக்கே, அது நடுராத்திரி என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்தபடி வருவது வலிப்பு.

பிரசவமானதும் இந்த ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. குழந்தை பிறந்து ஆறு வாரம்வரை பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். அந்தக் காலத்தில் "ஜன்னி கண்டுவிட்டது" என்று சொன்னவற்றில் இதுவும் ஒன்று. பிரசவத்துக்குப் பின் வரும் கிருமித்தொற்றுக் காய்ச்சல் இன்னொன்று. இரண்டுக்கும் குளிர்ந்த தண்ணீரும் காற்றும்தான் காரணம் என்று நம்பி, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்து, ஜன்னலையும் அடைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். காரணம்தான் வேறாக இருந்தது. பிரஷரை அளந்து பார்ப்பதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் ஜன்னிக்கு உண்மையான தடுப்பு.

இரண்டு உயிருக்குச் சாப்பிடணும் என்று வற்புறுத்துகிறார்கள். பப்பாளி, குங்குமப்பூ இதெல்லாம்?

கர்ப்ப காலத்தில் தினசரி கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் அது 600 வரை போகும். ஆகவே கர்ப்பத்தைவிடப் பிரசவத்துக்குப் பிறகுதான் அதிகம் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் பல நேரம் நேர்மாறாக நடக்கிறது. சராசரி உடல்வாகு உள்ளவர்களுக்குக் கர்ப்பம் முழுவதும் 10 முதல் 12 கிலோ எடை கூடினால் நல்லது.

நன்றாகப் பழுத்த பப்பாளியை அளவாகச் சாப்பிடுவதில் தவறில்லை, காயைத் தவிர்த்துவிடுங்கள். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அந்தக் காசுக்கு முட்டை, கடலை, பேரீச்சை, மீன் வாங்கலாம்.

குழந்தையின் அசைவு குறைந்தால் காத்திருக்கலாமா?

கூடாது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு துடிப்பு வழக்கம் அமைந்துவிடும், அம்மாவுக்கு அது தெரியும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகப் பட்டால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். அப்போதும் குறைவாகவே தெரிந்தால் அன்றே கிளம்புங்கள். நாளைக்கு ஸ்கேன் தேதிதானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

சிசேரியன் ஆகிவிட்டது. நான் சரியாக முக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது அதே 2019-21 ஆய்வு. அத்தனையும் தேவைதானா என்பது மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி, படுத்திருக்கும் பெண்ணிடம் கேட்க வேண்டியதில்லை. வயிற்றைப் பல அடுக்காகத் திறந்து தைக்கும் பெரிய ஆபரேஷன் அது. அதற்கான ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

டாக்டர் சொன்னதும் எழுந்து மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். அசையாமல் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் அவசரம். தையலை உலர்வாக வைத்திருங்கள். சிவந்து சூடாக இருந்தால், நீர் அல்லது சீழ் கசிந்தால், வாய் பிரிந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிராமல் காட்டிவிடுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம், மாவு வாளி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இதில் அடங்கும்.

பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு எவ்வளவு நாள் இருக்கும்? எது அதிகம் என்று எப்படித் தெரியும்?

முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பாக, மாதவிலக்கைவிடக் கூடுதலாகப் போகும். பிறகு பழுப்பும் இளஞ்சிவப்புமாக மாறும். பத்து நாளுக்குப் பிறகு வெளிறி, நாலு முதல் ஆறு வாரத்துக்குள் நின்றுவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுக்கும், போக்கும் கொஞ்சம் கூடும். பால் சுரக்கச் செய்யும் அதே ஹார்மோன் கர்ப்பப்பையையும் சுருக்குவதால் வருவது அது. நல்ல அறிகுறிதான்.

அளவை இப்படிப் பாருங்கள். ஒரு பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவுக்குக் கட்டி கட்டியாகப் போனால், நின்றிருந்த சிவப்புப் போக்கு மறுபடி வேகமாகத் தொடங்கினால், எழுந்து நின்றதும் தலை சுற்றிக் கண் இருட்டினால், அது அதிகம். மற்ற வேலையைப் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு உலகம் முழுவதும் முதல் காரணம் ரத்தப்போக்குதான், அது ஒரு மணி நேரத்துக்குள்கூடக் கைமீறிப் போய்விடும்.

போக்கில் கெட்ட வாடை, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அடிவயிற்று வலி மூன்றும் கிருமித்தொற்றைக் காட்டும். "பால் கட்டியதால் வந்த காய்ச்சல்" என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். பழைய துணி வைக்கிற வழக்கம் இருந்தால், சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்த துணியாக இருக்கட்டும். மறைவாகக் கட்டிலுக்கு அடியில் உலர்த்தியது கூடாது. முதல் சில நாளாவது நாப்கின் வைத்தால், எத்தனை நனைந்தது என்று எண்ணவும் வசதி.

பத்தியம் என்று தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறார்கள். இது சரியா?

தண்ணீர் விஷயத்தில் சரியில்லை. மற்றதில் பாதிக்குப் பாதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, கருவாடு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்ட சூடான சோறு இவை புரதமும் இரும்பும் கால்சியமும் தரும் சாப்பாடு. ஈழத்தில் காயச்சரக்கு அரைத்து வைக்கும் பத்தியக் கறியும் இதே வகைதான். நாற்பது நாள் அடுப்படிக்குப் போகவிடாமல், வேளாவேளைக்குச் சூடாகக் கையில் கொண்டுவந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடவே கூடாது. அம்மா வீட்டுக்கு அனுப்புவதன் பொருளே அதுதான்.

இனி, விட வேண்டியவை. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் சீழ் பிடிக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பவை உண்மையில்லை. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் அளவுக்குத் திரவம் தேவை. குறைத்தால் சிறுநீர் மஞ்சளாக எரிச்சலோடு போகும், மலச்சிக்கல் வரும். கீழே தையல் போட்டிருப்பவள் முக்கி முக்கி மலம் கழிக்கும் வேதனையை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் தண்ணீரைக் குறைக்கச் சொல்ல மாட்டார்கள். ரத்தம் உறையும் ஆபத்தும் இதனால் கூடுகிறது. வெந்நீராக வேண்டுமென்றால் வெந்நீராகவே கொடுங்கள், சீரகத் தண்ணீர் கொடுங்கள், ஆனால் கேட்கும் போதெல்லாம் கொடுங்கள். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

காய்கறியும் பழமும் "குளிர்ச்சி" என்று ஒதுக்குவதும் வேண்டாம். தாய் ஆரஞ்சு சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தைக்குச் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருகிறது. அதனால் தும்மிக்கொண்டு குழந்தையை முத்தமிட வரும் விருந்தாளிகளைத்தான் தடுக்க வேண்டும். பிரசவ லேகியம் ஒரு நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் அதில் வெல்லம் அதிகம் என்பதால் சுகர் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பச்சை உடம்புக்காரி பகலில் தூங்கக்கூடாது என்ற பேச்சையும் இத்தோடு விட்டுவிடுவோம். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுகிறவள் பகலில் தூங்காமல் எப்போது தூங்குவாள்? வயிற்றில் கொதிக்கும் நீரை வாரி அடித்துக் குளிப்பாட்டுவது சிசேரியன் ஆனவர்களுக்குக் கூடவே கூடாது. சேலைத் துணியால் வயிற்றைக் கட்டுவது இடுப்புக்கு ஆதரவாக இருந்தால் லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சுமுட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தசைகள் இன்னும் தளரும்.

பால் போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பவுடர் பால் ஆரம்பிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். குழந்தை அழுவது பசிக்கு மட்டுமில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால், முதல் வாரம் சற்றுக் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால், பால் போதுமானதாக இருக்கிறது. மார்பின் அளவுக்கும் பாலின் அளவுக்கும் சம்பந்தமில்லை. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பவுடர் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் உங்கள் மார்புக்குச் சுரக்கும் வேலை ஒன்று குறைகிறது.

பல நேரம் பிரச்சினை குழந்தை வாய் வைக்கும் விதத்தில் இருக்கிறது. குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில், வயிறு உங்கள் வயிற்றை ஒட்டி இருக்கட்டும். காம்பை மேலுதட்டில் தொட்டுக்காட்டி, வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அப்புறம் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோகாதீர்கள், முதுகு போய்விடும். தாடை மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியில் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பும் வலியும் வரும், பாலும் வராது.

பிறந்ததும் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அதன்பின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சிசேரியன் ஆனவர்களும் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். மார்பு கல்லாகக் கட்டி, ஓரிடம் சிவந்து காய்ச்சல் வந்தால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், பால் தேங்கினால்தான் மோசமாகும். டாக்டரைப் பாருங்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் போதாமல் போகலாம். அப்போது டாக்டர் சொல்லி வேறு பால் கொடுக்க நேர்ந்தால் அதில் குற்றவுணர்ச்சி கொள்ள ஒன்றுமே இல்லை.

காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தையைப் பார்த்தால் சந்தோஷமே வரவில்லை. நான் கெட்ட அம்மாவா?

இல்லை. மூன்றாம் நாள் வாக்கில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும்போது அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான பெண்களுக்கு வருகின்றன. தூக்கமும் ஆதரவும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும்.

இரண்டு வாரம் தாண்டியும் நாள் முழுக்க மனம் கனத்துக் கிடந்தால், குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அது மனச்சோர்வு நோய். ரத்தசோகைபோல இதுவும் உடம்புக்கு வரும் நோய்தான், சிகிச்சை உண்டு, குணமாகும். 1987-ல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் அந்தப் படிவத்தை நிரப்பச் சில நிமிடம் போதும். ஆறாவது வார செக்கப்பில் குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதே நாளில் தாயிடம் இந்தப் பத்துக் கேள்வியையும் கேட்கும் பழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். பெண் பிள்ளை பிறந்ததற்காகக் குத்திப் பேசும் வீட்டில், அல்லது கணவன் குடித்துவிட்டு அடிக்கும் வீட்டில், இந்த நோய் வருவதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே மாத்திரை மட்டும் போதாது, பெண்ணை அந்தச் சூழலிலிருந்து காப்பாற்றவும் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் அவசரமானது. பிரசவமான சில நாளிலேயே தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ குழந்தையைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்பி, இல்லாத குரல்களைக் கேட்பாள். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள். குழந்தையையும் அவளையும் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் தனி வார்டு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தெருவிலேயே பலருக்கு இருக்கும், வெட்கத்தால் வெளியே வராது, அவ்வளவுதான். சிறுநீரைப் பாதியில் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குவோமோ அதை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக்கூடாது, தொடையையும் வயிற்றையும் இறுக்கக்கூடாது. பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன். அதற்கு மேலும் கசிந்தால், அல்லது கீழே ஏதோ இறங்கி இடிப்பதுபோல் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மலம் கட்டுப்படாமல் போனால் காத்திருக்கவே வேண்டாம்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

மூன்று நான்கு மாதத்தில் தொடங்கும், ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். குழந்தை முகம் பார்ப்பதால் கொட்டுவதில்லை. கூடவே அதிகச் சோர்வு, படபடப்பு, எடை ஏற்ற இறக்கம் இருந்தால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

எப்போது கணவன் மனைவியாகச் சேரலாம்? பால் கொடுக்கும்போது கரு தங்காதுதானே?

போக்கு நின்று, தையல் ஆறி, முக்கியமாக உங்களுக்கு மனம் இருந்தால், ஆறு வாரத்துக்குப் பிறகு. வறட்சியும் வலியும் இருந்தால் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கரு தங்கலாம். குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே, மாதவிலக்கும் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால்தான் தாய்ப்பால் ஓரளவு பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் நம்ப முடியாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், "இன்னும் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை" என்று இருந்தவர்கள் மறுபடி கர்ப்பமாவது நடக்கிற விஷயம்தான்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே காப்பர் டி வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்கூட்டியே உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தரா என்ற கருத்தடை ஊசியை ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம், சாயா என்ற கருத்தடை மாத்திரையைப் பாலூட்டும் தாய்மார்கள் சாப்பிடலாம். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு ஹார்மோன் கலந்த சாதாரண மாத்திரையைப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தவிர்க்க வேண்டும். ஆணுறை எப்போதும் சரி. குழந்தை போதும் என்று முடிவெடுத்தால் ஆணுக்கான தழும்பில்லா ஆபரேஷன் பெண்ணுக்கானதைவிட எளிது, சீக்கிரம் முடிவது. அதனால் ஆண்மை குறையாது, வேலைக்குப் போகும் தெம்பும் குறையாது. கணவர்கள் இதைத் தாங்களாக முன்வந்து பேச வேண்டும்.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள்.

குழந்தை தவறிவிட்டது. மார்பில் பால் கட்டி வலிக்கிறது. என்ன செய்வது?

மனம் கனக்கிறது, அம்மா. முதலில் வலிக்கு: இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம், பாராசிட்டமால். பாரம் தாங்காவிட்டால் கொஞ்சம் மட்டும் பீய்ச்சி விடுங்கள், முழுக்க வேண்டாம். நம் ஊரில் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-ல் வெளியிட்டார்கள். பால் சுரப்பைக் குறைக்கப் பூவும் உதவியது என்றே முடிவு வந்தது.

குழந்தை இல்லை என்பதால் நீங்கள் பிரசவித்த பெண் இல்லை என்றாகிவிடாது. இரும்பு மாத்திரை, ஆறு வாரச் செக்கப், நாற்பது நாள் ஓய்வு எல்லாம் உங்களுக்கும் உண்டு. சுற்றியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "அடுத்தது பிறக்கும் விடு" என்று சொல்லாதீர்கள். பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லி அவளோடு பேசுங்கள், அழ விடுங்கள்.

வேலைக்குப் போகிறேன். எவ்வளவு நாள் விடுப்பு?

1961-ல் வந்த மகப்பேறு சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் ஆக்கினார்கள். பிரசவத்துக்கு முன்பே அதில் எட்டு வாரம்வரை எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கரு கலைந்தாலும் ஆறு வாரம் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். வயல்வேலைக்கும் வீட்டுவேலைக்கும் போகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது என்பதுதான் வேதனை.

திரும்பப் போன பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டவோ பால் எடுக்கவோ ஒரு நாளில் இரண்டு இடைவேளை உங்கள் உரிமை. எடுத்த பாலை வெளியே நான்கு மணி நேரம்வரை வைக்கலாம் என்பார்கள். நம் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம், சீக்கிரம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே நான்கு நாள்வரை இருக்கும். சூடாக்க வேண்டுமென்றால் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் வையுங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள்.

கணவராக நான் என்ன செய்ய வேண்டும்?

ராத்திரி ஒரு முறையாவது நீங்கள் எழுந்து துணி மாற்றி, ஏப்பம் விடவைத்துத் தூங்கவையுங்கள், அவளுக்குத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூக்கம் கிடைக்கட்டும். இரும்பு மாத்திரை பட்டையில் எத்தனை மீதி என்று பாருங்கள். பிரசவமாகி மூன்றாம் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம் என அவளைக் காட்ட வேண்டிய தேதிகளை உங்கள் போனில் போட்டு வையுங்கள். பிரஷர் இருந்தவளென்றால் வீடு திரும்பிய முதல் வாரமே அளந்து பார்க்க வேண்டும். அவளைப் பற்றி உங்கள் அம்மா ஏதாவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

எந்த நம்பரையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

அவசரத்துக்கு 108. அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்களைக் குழந்தையோடு இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விட 102. சந்தேகம், ஆலோசனைக்கு 104. மனம் தாங்காத நேரத்தில், எந்த மணிக்கும், தமிழிலேயே பேச 14416. இவற்றோடு உங்கள் பகுதி நர்ஸின் கைபேசி எண், ரத்த வகை, பிக்மி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் உதவாது. வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் அந்தத் தாள் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டிவையுங்கள்.